பட்டத்துக்கு நான்கு வருடம், நம்பிக்கைக்கு இன்னும் ஐந்து
கனிய வளம் தேடும் அடுத்த தலைமுறை எங்கே, எப்படி உருவாகிறது?

கம்பளையிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில், கெலிஓயாவை அண்டி மகாவலி ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் ஆற்று மணல் என்றால் வீடு கட்டும் செலவும் லொறிக் கூலியும் அனுமதிப்பத்திரமும்தான் பேச்சில் வரும். அதே மணலில் ஒரு பிடியை அள்ளி, வெள்ளைத் தாளில் பரப்பி, கைவில்லையால் பார்த்தால் வேறொன்று தெரியும். கண்ணாடி போன்ற படிகக்கல் துணுக்குகள்தான் அதிகம். இடையிடையே மினுங்கும் மைக்காத் தகடுகள், மாதுளை முத்து நிறத்தில் கார்னெட், காந்தத்தை நீட்டினால் ஓடி வந்து ஒட்டும் கறுப்புத் துகள்கள்.

ஒவ்வொரு துகளும் மேலே எங்கோ ஒரு பாறையிலிருந்து உடைந்து வந்தது. ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் இரு கிளைகளிலும் மணல் எடுத்துப் பார்க்க வேண்டும். தேடும் துகள் எதில் கூடுதலோ அந்தக் கிளையில் ஏற வேண்டும். அடுத்த பிரிவில் மறுபடியும் அதே வேலை. இப்படியே போனால் ஒரு கட்டத்தில் துகள் நின்றுவிடும். அது பிறந்த பாறையைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பொருள். கனிய வள ஆய்வின் அரிச்சுவடி இதுதான். செய்மதிப் படங்களும் கணினி மென்பொருள்களும் வந்த பிறகும் இந்த முறை வழக்கொழியவில்லை.

இதைக் கற்றுக்கொடுக்கும் இடம் கெலிஓயாவிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது: பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் புவிச்சரிதவியல் துறை.

யார் என்ன வேலை செய்கிறார்கள்?

'சுரங்கப் படிப்பு' என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதற்குள் குறைந்தது மூன்று தொழில்கள் இருக்கின்றன.

முதலாமவர் புவிச்சரிதவியலாளர். கனியம் எங்கே இருக்கிறது, எவ்வளவு, என்ன தரம் என்று கண்டறிவது அவர் பொறுப்பு. இரண்டாமவர் சுரங்கப் பொறியியலாளர். அதை எப்படி வெளியே எடுப்பது, சுவர் சரியாமல் எப்படிக் காப்பது, நீரையும் காற்றையும் எப்படிக் கையாள்வது என்பவை அவர் கேள்விகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புவிவளப் பொறியியல் துறை இவர்களை உருவாக்குகிறது. மூன்றாமவர், எடுத்ததைச் சுத்திகரித்து விற்கத்தக்க பொருளாக மாற்றுபவர். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கனிய வளத்தையும் அதன் தொழில்நுட்பத்தையும் சேர்த்து ஒரு பட்டமாகவே வைத்திருக்கிறது.

நம் உயர்தர வகுப்பில் புவிச்சரிதவியல் என்று தனிப் பாடம் கிடையாது. ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிறகே இப்படியொரு துறை இருப்பதை அறிகிறார்கள். தமிழ்மொழி மூலம் படித்து வந்தவருக்கு அங்கே இரண்டு புதிய மொழிகள் காத்திருக்கின்றன. ஒன்று விரிவுரையின் ஆங்கிலம், மற்றது பாறையின் மொழி.

வகுப்பறைக்கு வெளியே உள்ள வகுப்பறை

கண்டியைச் சுற்றிய மலைகள் இந்தப் படிப்புக்கு வாய்த்த வரம். இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறை. புவிச்சரிதவியலாளர்கள் அதைச் சில தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே கடுகண்ணாவைத் தொகுதி. ரயிலில் கொழும்புக்குப் போகும்போது நாம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் ஊர், உலகின் ஆய்விதழ்களில் ஒரு பாறைத் தொகுதியின் பெயராக வாழ்கிறது.

திகனைப் பக்கம் போனால் பளிங்குப் பாறை. தேயிலைத் தோட்டங்களில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட் இத்தகைய பாறையிலிருந்துதான் வருகிறது. பல்லேகலையில், உலகளாவிய வலையமைப்போடு இணைந்த நிலநடுக்கப் பதிவு நிலையம். 2020 ஓகஸ்டில் திகனை வட்டாரத்தில் நில அதிர்வு உணரப்பட்டு மக்கள் வெளியே ஓடிவந்தபோது, காரணம் தேடியவர்கள் இந்தத் துறையினரே. ஆராய்ச்சிக்கு, ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம்.

மாணவர் கையில் சுத்தியல், கைவில்லை, பாறைச் சாய்வை அளக்கும் திசைகாட்டி, ஒரு வரைபடம். தேயிலைப் பற்றைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் இடையே பாறை தலைகாட்டும் இடமெல்லாம் நின்று, அளந்து, குறித்து, இரு பாறைகளுக்கிடையே மண் மூடியிருக்கும் பகுதியை ஊகித்துக் கோடு போட வேண்டும். அந்தக் கோடு எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம் என்பதை நேர்மையாகப் பிரித்துக் காட்டுவதே பயிற்சியின் உயிர்நாடி.

மாட்டு வண்டியில் ஒரு டாக்டர் பட்டம்

இந்த நாட்டில் அரசு நடத்திய முதல் கனிய ஆய்வின் பணிப்பாளர் ஒரு தமிழர். கலை விமர்சகராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராக இருந்தார். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்தவர்.

கண்டி மாவட்டத்தின் அம்பகோட்டைக்கு அருகே கங்கபிட்டியவில் அவர் எடுத்த பாறையில், அதுவரை அறியப்படாத ஒரு நீலக் கனியம் இருந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கனியவியலாளர் பிரையர் அதை வேதியியல் முறையில் பகுத்தார். 1903இல் இருவர் பெயரிலும் அறிக்கை வந்தது. தீவின் பழைய அரபுப் பெயரான செரண்டிப்பை வைத்து அதற்கு 'செரண்டிபைற்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகின் மிக அரிய இரத்தினங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது.

1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது, இலங்கையின் புவியமைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக. படிப்பைத் தொடங்கியது இலண்டனில் என்றாலும், முடித்தது இந்த மலைகளில் நடந்தும் மாட்டு வண்டியில் அலைந்தும்தான்.

ஏன் ஐந்து வருடம்?

1997இல் ப்ரீ-எக்ஸ் என்ற கனேடிய நிறுவனம் உலகையே ஏமாற்றியது தெரியவந்தது. இந்தோனேசியாவின் பூசாங்கில் மாபெரும் தங்கப் படிவு இருப்பதாக அது சொல்லிவந்தது. துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலந்திருந்தார்கள். பாறை உருளையை நெடுக்காகப் பிளந்து, பாதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் பத்திரப்படுத்துவது தொழில் வழக்கம். யாருக்காவது சந்தேகம் வந்தால் மறுபாதி சாட்சி சொல்லும். அங்கே உருளையை முழுவதுமாக நொறுக்கிவிட்டார்கள். சாட்சியே இல்லாமல் போயிற்று.

அதன்பின் கனடா தன் விதிகளை இறுக்கியது. அவுஸ்திரேலியாவில் 1989 முதலே ஜோர்க் என்ற விதிக்கோவை இருந்தது. இன்று இவ்விரு நாடுகளின் பங்குச் சந்தைக்கு வரும் எந்த நிறுவனமும் 'எங்களிடம் இவ்வளவு கனியம் இருக்கிறது' என்று சொல்ல வேண்டுமானால், தகுதி பெற்ற ஒருவர் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். ஜோர்க் விதிப்படி அந்தத் தகுதி பட்டத்தால் மட்டும் வராது. அங்கீகரிக்கப்பட்ட தொழில்சார் அமைப்பில் உறுப்புரிமை வேண்டும். அத்துடன் அதே வகைப் படிவில் குறைந்தது ஐந்து வருட அனுபவமும் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைப் பேராதனை தரும். அடுத்த ஐந்து வருடத்தை யார் தருவது?

நம்மிடம் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. போகலையிலும் கஹட்டகஹவிலும் நிலத்தடிக் காரீயச் சுரங்கங்கள் உள்ளன. பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாக ஓடும் இவ்வகைக் காரீயத்தின் தூய்மைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. மின்கல யுகத்தில் காரீயத்தின் தேவையும் ஏறுகிறது. புல்மோட்டையில் கனிய மணல், எப்பாவலையில் பொஸ்பேற்று. ஆனால் இவை பெரும்பாலும் கண்டுபிடித்தாகிவிட்ட படிவுகள். புதிதாகத் தேடும் வேலை இங்கே குறைவு. தேடிப் பழகாதவர் தேடுநராக முடியாது. ஆகவே பட்டதாரிகள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள், அல்லது பக்கத்துத் தொழிலுக்கு மாறுகிறார்கள். அந்த மாற்றம் வீணல்ல. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியதை மலையகம் மறக்காது. எந்தச் சரிவு நிற்கும், எது வழுக்கும் என்று வரைபடம் இடுபவர்களும் இதே வகுப்பில் படித்தவர்களே.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

இந்தப் பயிற்சி நாட்டுக்கு ஏன் முக்கியம் என்பதை எந்தப் பேராசிரியரையும்விடத் தெளிவாகச் சொன்னது உயர் நீதிமன்றம். எப்பாவலைப் பொஸ்பேற்றை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பங்களிப்போடு தோண்டும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதை நிறுத்திவைத்தது. பொஸ்பேற்று எங்கெங்கே, எவ்வளவு, என்ன தரத்தில் இருக்கிறது என்று முழுமையாக ஆராய வேண்டும், 'ஊகித்த இருப்பு' என்ற நிலையிலிருந்து 'நிரூபித்த இருப்பு' என்ற நிலைக்குக் கணக்கைக் கொண்டுவர வேண்டும், முடிவை வெளியிட வேண்டும் என்றது. அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்திடம்.

ஊகத்தை நிரூபணமாக்குவதற்குத் துளையிட வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், பாதி உருளையைப் பெட்டியில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கின் அடியில் கையெழுத்திடும் ஆள் வேண்டும். நம்மிடம் அந்த ஆள் இல்லையென்றால், வாங்க வருபவர் சொல்லும் கணக்கையே நாம் நம்பியாக வேண்டும்.

மன்னார் தீவின் கனிய மணல் விவகாரம் இன்னொரு பாடம். துளையிட வந்தவர்களை மக்கள் எதிர்த்தார்கள். நிலத்தடி நீருக்கும் கடலோரத்துக்கும் என்ன ஆகும் என்ற கேள்விக்குத் தமிழில், பொறுமையாக, தெரிந்ததைத் தெரிந்ததென்றும் ஊகத்தை ஊகமென்றும் சொல்லக்கூடிய நிபுணர்கள் அங்கே தேவை. 'இங்கே தோண்டக் கூடாது' என்பதும் ஓர் ஆய்வின் முறையான முடிவுதான். அதைச் சொல்லும் துணிவும் பாடத்திட்டத்தில் அடங்க வேண்டும்.

செய்யக்கூடியது என்ன?

பெரிய முதலீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போகலை, கஹட்டகஹ, புல்மோட்டை, எப்பாவலை, பணியகம் ஆகிய ஐந்து இடங்களிலும், புதிய பட்டதாரிகளைச் சம்பளத்தோடு சுழற்சி முறையில் அமர்த்தலாம். மருத்துவப் பட்டதாரி உள்ளகப் பயிற்சி முடிக்காமல் தனியே நோயாளியைப் பார்ப்பதில்லை. மண்ணைப் பார்ப்பவருக்கும் அப்படியொரு பருவம் வேண்டும்.

கெலிஓயாவில் உயர்தரம் எழுதக் காத்திருக்கும் பிள்ளைக்கு அதற்கு முன்பே ஒரு பயிற்சி உண்டு, செலவும் இல்லை. ஒரு கைவில்லை, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பிடி மகாவலி மணல். கறுப்பாக ஒட்டியது என்ன, சிவப்பாகக் கிடப்பது எந்த மலையிலிருந்து வந்தது என்று கொப்பியில் எழுதிவைக்கட்டும். உறுதியாகத் தெரிந்ததை ஒரு பக்கத்தில், ஊகத்தை மறு பக்கத்தில்.