கழுத்துக் கட்டியும் சாக மறுக்கும் செல்லும்

பஞ்சின் மேல் பழி

பனியன் கம்பெனியில் ஒருவருக்குத் தொண்டை கரகரத்தால் எல்லாரும் பஞ்சைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஓவர்லாக் ஓடும் ஹாலில் ஒன்றரை ஷிப்ட் நூல்தூசியை இழுத்துக்கொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினால் குரல் கம்மத்தான் செய்யும். ஆனால் மூன்று வாரம் ஆகியும் குரல் தெளியவில்லை, கழுத்தின் முன்பக்கம் சிறு உருண்டை ஒன்று தட்டுப்படுகிறது என்றால், பஞ்சை விட்டுவிட்டுத் தைராய்டைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு முறை பாருங்கள். கண்ணாடி முன் நின்று, தாடையைச் சற்றுத் தூக்கி, ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே கண் இருக்கட்டும். விழுங்கும்போது மேலேறி இறங்கும் வீக்கம் தெரிந்தால் அது தைராய்டில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே, ஷிப்மென்ட் போகட்டும், போனஸ் வாங்கிக்கொண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். தைராய்டுப் புற்று ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம் வருகிறது. செக்கிங், கைமடி, பேக்கிங் என்று பெண்களே நிறைந்து நிற்கும் ஊர் திருப்பூர்.

பதற வேண்டாம். தைராய்டுக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்று அல்ல. ஆனால் ரத்தத்தில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனின் அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் புற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். அதில் சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை செய்வார்கள்.

சாயத் தண்ணீர்தான் காரணமா என்று, சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஓரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். சில சாயங்களில் இருந்து வரும் அரோமேட்டிக் அமீன்கள் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கும் என்பது நிரூபணமான செய்தி. ஆனால் தைராய்டுப் புற்றுக்கு உறுதியாகத் தெரிந்த காரணம் சிறுவயதில் படும் கதிர்வீச்சு. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் அந்தப் பகுதிக் குழந்தைகளிடம் இது பெருகியது. ஆகவே சாயப்பட்டறைப் பக்கமே போகாதவர்களும் கழுத்துக் கட்டியை அசட்டை செய்யக் கூடாது.

தானாகச் சாகும் செல்

புற்று எப்படி உண்டாகிறது என்று புரிய, முதலில் செல் சாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். நம் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான செல்கள் தாமாகவே சாகின்றன. கருவிலிருக்கும் குழந்தையின் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதே இடையிலிருந்த செல்கள் செத்து ஒதுங்குவதால்தான். 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளைப்புழுவின் வளர்ச்சியில் 1,090 செல்கள் உருவாகி, அதில் 131 செல்கள் குறித்த நேரத்தில் தவறாமல் செத்துவிடுகின்றன. அந்தப் புழுவை ஆராய்ந்த பிரென்னர், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்குள் பி53 என்ற புரதம் செக்கிங் டேபிளில் நிற்பவரைப் போல வேலை பார்க்கிறது. டி.என்.ஏ.வில் சிறு பழுது என்றால் திருத்தச் சொல்லி ஆல்டருக்கு அனுப்பும், சரிசெய்ய முடியாதது என்றால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆன செல்லை காஸ்பேஸ் என்ற நொதிகள் உள்ளிருந்தே துண்டாக்குகின்றன. அக்கம்பக்கத்துச் செல்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடுகின்றன. வீக்கம் இல்லை, சீழ் இல்லை.

புற்றில் இந்த ஏற்பாடுதான் கெடுகிறது. தைராய்டுப் புற்றில் மிகுதியாக வருவது பாப்பிலரி வகை. அந்த நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு பி.ஆர்.ஏ.எஃப். என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ‘வளர், பிரி’ என்ற உத்தரவு நிற்காமல் ஓடுகிறது, சாகச் சொல்லும் உத்தரவு அமுங்கிப்போகிறது. அரிதாக வரும், மிகக் கொடிய அனாபிளாஸ்டிக் வகையில் பல சமயம் பி53யே பழுதாகிவிடுகிறது.

அயோடின் போகும் வழி

தைராய்டு செல் ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்துக்கொள்ளும். இந்தப் பசியையே வைத்தியம் பயன்படுத்திக்கொண்டது. அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்த பிறகு, தேவைப்படுபவர்களுக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். உடம்பில் எங்கே தைராய்டு செல் மிச்சமிருந்தாலும் அது போய்ச் சேர்கிறது. அதன் பீட்டா கதிர் ஓரிரு மில்லிமீட்டர் தூரம்தான் பாயும். அந்த அடியில் டி.என்.ஏ. உடைந்து, செல் தன் சாவுப் பொறியைத் தானே இயக்குகிறது. குறிபார்த்துச் செய்யும் சிகிச்சை என்ற பேச்சு பரவுவதற்கு வெகு முன்பே, 1940களிலேயே இது தொடங்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி. போல அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில், அதிக அளவு மருந்து பெறுபவர்களைச் சில நாள் தனி அறையில் வைத்திருப்பார்கள். பாப்பிலரி வகைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் நீண்ட காலம் நலமாக வாழ்வது இந்த முறைகளால்தான்.

அதன்பின் ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் டீ. எழுந்ததும் டீ குடித்தே பழகிய ஊரில் இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

மாத்திரைகளின் குறி

சிலருக்குத் தைராய்டுப் புற்று செல்கள் அயோடினை எடுப்பதையே மறந்துவிடும். பரவிக்கொண்டே போகும் அந்த நிலைக்குத்தான் இலக்கு மாத்திரைகள் வந்தன. சொராஃபெனிப் 2013இலும் லென்வாட்டினிப் 2015இலும் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றன. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் வளர்ச்சி உத்தரவுகளையும் இவை தடுக்கின்றன. பி.ஆர்.ஏ.எஃப். மாற்றமுள்ள அனாபிளாஸ்டிக் புற்றுக்கு டப்ராஃபெனிப், ட்ரமெட்டினிப் இரண்டும் சேர்ந்து 2018இல் வந்தன. ரெட் மரபணு மாறியவர்களுக்குச் செல்பெர்காட்டினிப் 2020இல் வந்தது. தைராய்டுப் புற்றில் மெடுல்லரி என்ற வகை, இந்த ரெட் மாற்றத்தால் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அந்த வீடுகளில் குழந்தைகளுக்கும் ரெட் மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

சொராஃபெனிப் விலையில் இந்தியாவுக்கு ஒரு வரலாறு உண்டு. மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்தை, 2012 மார்ச்சில், காப்புரிமை வேறு நிறுவனத்திடம் இருந்தாலும் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் பெற்று ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் 8,800 ரூபாய்க்குத் தர முன்வந்தது. சிறுநீரகப் புற்றுக்கும் ஈரல் புற்றுக்கும் என்று நடந்த வழக்கு அது. மேல்முறையீட்டில் சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் அந்த உரிமத்தை உறுதிசெய்தது.

விலை குறைந்தாலும் மருந்தின் தொல்லை குறைவதில்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிந்து, தொட்டாலே எரியும். பவர் டேபிள் பெடலை மிதிப்பவருக்கும் அயர்னிங் செய்பவருக்கும் அது வேலையையே நிறுத்திவிடும். லென்வாட்டினிப் ரத்த அழுத்தத்தை ஏற்றும். முதல் வாரத்திலேயே டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

‘செல்லைச் சாகடிக்கும்’ பொடிகள்

அப்போப்டோசிஸ் என்ற சொல் வாட்ஸ்அப் விளம்பரம்வரை வந்துவிட்டது. மஞ்சளோ ஏதோ ஒரு மூலிகைச் சாறோ கண்ணாடித் தட்டில் புற்று செல்லைக் கொன்றது என்று ஆய்வுகள் உண்டு. தட்டில் கொல்வது சுலபம். உடம்பில் மற்ற செல்களை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்வதுதான் கஷ்டம். அந்தப் பொடியை நம்பி ஆறு மாதம் போனால், அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கும் கட்டி நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கலாம்.

சம்பளம் நிற்காமல் சிகிச்சை

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம்தான். சிகிச்சைச் செலவு தவிர, விடுப்பில் இருக்கும்போது வருடத்துக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளம் தருவார்கள். புற்று போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம்வரை நீட்டிக்க வழியுண்டு. அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் பதிவில் இருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவர்களைக் கணக்கில் காட்டாமல் விடும் இடங்களில் இந்த உரிமை கைநழுவுகிறது. கம்பெனி மாறும்போதும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே புது இடத்தில் கொடுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம்.