ரவி பிரகாஷ்: தெலுங்குத் தலைப்புக்கு ஒரு துள்ளல் எழுத்துரு

அப்பாஜி அம்பரீஷ தர்பா வடிவமைத்த தெலுங்கு அலங்கார எழுத்துரு ‘ரவி பிரகாஷ்’. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த உரிமம் என்பதால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம்.

தெலுங்கு எழுத்துகள் இயல்பிலேயே வட்டமானவை. பல மெய்யெழுத்துகளின் உச்சியில் ‘தலகட்டு’ என்னும் சிறு கீற்று உண்டு. கூட்டெழுத்தில் இரண்டாம் மெய் ‘ஒத்து’ எனப்படும் வடிவில் பெரும்பாலும் கீழே தொங்கும். வளைவை எவ்வளவு துள்ளலாக வரைந்தாலும் இவை தெளிவாக நிற்க வேண்டும். இல்லையேல் ஓரெழுத்து இன்னோர் எழுத்தாகிவிடும். விளையாட்டான எழுத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம் தேவை.

இவ்வகை எழுத்துரு சுவரொட்டி, அழைப்பிதழ், தலைப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும். சிறிய அளவில் ஒத்துகள் நெருங்கிக் கண்ணை உறுத்தும். எனவே பெரிய அளவில், போதிய வரி இடைவெளியுடன், சில சொற்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நீண்ட பத்திகளுக்கு வேண்டாம்.