பிள்ளைப் பருவத்தில் விழும் வித்து

இருதயநோய் முதுமையின் துணைவன் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. நரை திரை கண்டோரே அதற்கு அஞ்ச வேண்டும் என்பது வைத்தியரிடத்தும் வேரூன்றியிருந்த கொள்கை. அக்கொள்கையை அசைத்தது ஒரு போர்க்களம்.

கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர் 300 பேரின் இருதயங்களைப் பரிசோதித்த இராணுவ வைத்தியர்கள் 1953 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். வீரர்களின் சராசரி வயது 22. அவர்களுள் நூற்றுக்கு 77 பேரின் இருதய நாடிகளில் நோயின் அறிகுறி சிறிதளவேனும் காணப்பட்டது. உடல் வலிமை கண்டு படையிற் சேர்க்கப்பட்ட காளையரின் நிலையே இதுவாயின், நோயின் வித்து விழுந்த காலம் எது?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஜெரால்ட் பெரன்சன். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துப் போகலூசா என்னும் சிற்றூரே அவர் தேர்ந்த களம். 1973 இல் தொடங்கிய அவ்வாராய்ச்சியில் கறுப்பு, வெள்ளை ஆகிய இரு இனத்துச் சிறுவரும் இடம்பெற்றனர். அவர்களின் நிறை, உயரம், குருதியமுக்கம், குருதிக் கொழுப்பு ஆகியன பல்லாண்டுகள் தொடர்ந்து அளக்கப்பட்டன. விபத்து முதலியவற்றால் இளமையிலே இறந்தோரின் நாடிகளும் ஆராயப்பட்டன. உடற்பருமன், உயர் குருதியமுக்கம், மிகுந்த கொழுப்பு, புகைத்தல் எனக் கேடுகள் ஒன்றோடொன்று சேரச் சேர, நாடிச் சுவரிற் கொழுப்புப் படிவும் மிகுந்திருந்தமை 1998 இல் வெளியாயிற்று.

இவ்வழியில் ஒரு பெருந்திருப்பம் பூப்புப் பருவம். கொழுப்பிழையம் வெறும் சேமிப்பறை அன்று. 1994 இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் என்னும் ஓமோன் அவ்விழையத்திலிருந்தே சுரந்து, உடலிற் போதிய சேமிப்பு உண்டென மூளைக்கு அறிவிக்கின்றது. நிறை மிகுந்த சிறுமியர் முந்திப் பூப்பெய்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. அன்றியும், அப்பருவத்தில் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை மெலிந்த பிள்ளைகளிடத்தும் குறைகின்றது. வளர்ச்சி நிறைவெய்தியதும் அது பெரும்பாலும் மீள்கின்றது. பருமனுற்ற பிள்ளையின் கணையமோ அச்சுமையின் மேல் மற்றொரு சுமையையும் தாங்க வேண்டியதாகின்றது. இளையோரிடத்துத் தோன்றும் இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் இப்பருவத்தில் வெளிப்படுவது வியப்பன்று.

எனினும், நம்பிக்கை இழத்தற்கு இடமில்லை. போகலூசா உட்பட நான்கு ஆராய்ச்சிகளை ஒருங்கே நோக்கி 2011 இல் வெளியிடப்பட்ட முடிவு ஆறுதல் தருவது. பருமனான பிள்ளைகளாயிருந்து, வளர்ந்தபின் பருமன் நீங்கியோர்க்கு நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் வரும் அபாயம், என்றுமே பருமனுறாதோரின் அபாயத்தை ஒத்திருந்தது. விழுந்த வித்து முளைத்தே தீரும் என்ற நியதி இல்லை.

கொழுத்த குழந்தையைக் கண்டு செழிப்பென மகிழ்வதும், அக்குழந்தையே பருவமெய்தும் வயதில் அதன் உடலைப் பழித்து நகைப்பதும் நம்மவரிடையே காணும் இரு பிழைகள். பழிப்புக்கு நாணிய பிள்ளை விளையாட்டிடத்தை விட்டு ஒதுங்குமே அன்றி, மெலிவதில்லை. வீட்டார் யாவரும் ஒருங்கிருந்து உண்ணும் அளவான உணவும், நிறைந்த உறக்கமும், ஓடி ஆட ஒரு வெளியுமே அதற்கு வேண்டுவன. தனிவகுப்புகளுக்கு நாம் விற்றுவிட்ட மாலைப் பொழுதுகளிற் சிலவற்றையேனும் பெற்றோர் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுப்பாராக!