வீட்டுக் கரண்ட் பில்லும் வியாபாரக் கணக்கும்

மூட்டைக்குப் பத்து ரூபாய் குறையுமா என்று நாலு மண்டியில் விசாரிக்கும் நாம், வீட்டுக் கரண்ட் பில்லை மட்டும் பேசாமல் கட்டிவிடுகிறோம். இப்போது செல்போனில் இயங்கும் ஸ்மார்ட் பிளக், ஆள் வந்தால் எரியும் விளக்கு, ரிமோட் மின்விசிறி எனப் பலவும் விற்பனைக்கு வந்துள்ளன. வாங்கினால் பில் குறையும் என்கிறார்கள். எந்த வீட்டுக்கு, எவ்வளவு குறையும்? வணிகர்களாகிய நாம் கணக்குப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

500 என்னும் எல்லை

2024 ஜூலை 1 முதல் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் ரூ.2.35 வீதம், 201 முதல் 400 வரை ரூ.4.70, அதன்மேல் ரூ.6.30. ஆக, 500 யூனிட்டுக்கு ரூ.1,805.

501 ஆனால் ரூ.2.35 என்னும் சலுகை போய்விடும். 101-ஆம் யூனிட்டிலிருந்தே ரூ.4.70, 500-க்கு மேற்பட்டதற்கு ரூ.8.40. பில் ரூ.2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.243.40!

எது காசைத் திருப்பித் தரும்?

பழைய மின்விசிறி 75 வாட், புதிய பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். 540 யூனிட் செலவாகும் வீட்டில் இந்த 40 குறைந்தால் பில் ரூ.2,376-லிருந்து ரூ.1,805 ஆகும், மிச்சம் ரூ.571. விசிறி ரூ.3,000 என்றால் ஆறு பில்லில் முதல் திரும்பிவிடும். அதே விசிறி 300 யூனிட் வீட்டில் மிச்சப்படுத்துவது ரூ.188 மட்டுமே. முதல் திரும்ப 16 பில் ஆகும்.

மேல்தொட்டி நிரம்பி வழிந்தபின் மோட்டாரை நிறுத்தும் வீடுகள் உண்டு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும். தினம் அரை மணி வீணானால் 30 யூனிட். தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் சுவிட்ச் இதைத் தடுக்கும், தண்ணீரும் மிச்சம்.

ஏ.சி.யை விடியற்காலையில் டைமர் அணைக்கட்டும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

கவனம் தேவை

ஸ்மார்ட் பிளக்கும் சும்மா இருக்கும்போது கரண்ட் எடுக்கும். ஒன்றுக்கு 1 வாட் என்றாலும், பத்து பிளக் இரண்டு மாதத்தில் 14 யூனிட் தின்றுவிடும். கீசர், ஏ.சி.க்கு 16 ஆம்பியர் தாங்கும் பிளக்கே ஏற்றது. வெண்ணெய், நெய் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜை டைமரில் மாட்டவே கூடாது. ஊத்துக்குளிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முன்னால் கடை, பின்னால் வீடு என வசிப்போர், வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுக்க வேண்டாம். பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டப்படி இரட்டிப்புக் கட்டணம் கட்ட நேரும்.

எதையும் வாங்குமுன், கணக்கெடுத்த நாளிலிருந்து 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் மீட்டரைப் பார்த்து அட்டையில் குறியுங்கள். 30 நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் அன்றே சுதாரிக்கலாம். இந்தக் கருவிக்குச் செலவு ஒரு பேனாதான்.