பெயர் ஒன்று, ஊர் மூன்று

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் வரைபடத்தை உற்று நோக்கினால், 'திரிப்போலி' என்னும் பெயரை மூன்று இடங்களில் காணலாம். ஒன்று, ஆப்பிரிக்கக் கரையில் உள்ள லிபியாவின் தலைநகர். மற்றொன்று, ஆசியக் கரையில் லெபனான் நாட்டில் உள்ளது. மூன்றாவது, கிரேக்க நாட்டில் கடலைவிட்டு விலகிய உள்நிலத்தில் உள்ளது.

இப்பெயர் கிரேக்க மொழியில் தோன்றியது. அம்மொழியில் 'திரி' என்பது மூன்றையும், 'போலிஸ்' என்பது நகரத்தையும் குறிக்கும். கிரேக்கமும் வடமொழியும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை; ஆதலின் 'திரிசூலம்' என்னும் வடசொல்லிலும் 'திரி' மூன்றையே குறிக்கின்றது. எனவே, திரிப்போலி என்பதற்கு 'மூன்று நகரம்' என்பது பொருள். ஆயினும், அம்மூன்று நகரங்கள் யாவை என வினவினால், ஒவ்வோர் ஊரும் வெவ்வேறு விடை தருகின்றது.

லிபியாவின் கடற்கரையில் ஓயியா, சப்ராத்தா, லெப்டிஸ் மாக்னா என மூன்று பழைய நகரங்கள் இருந்தன. அவை அமைந்த நிலப்பகுதி மூன்று நகர நாடு எனப்பட்டது. காலப்போக்கில் சப்ராத்தாவும் லெப்டிஸ் மாக்னாவும் பாழடைந்தன. அவற்றின் சிதைவுகளை யுனெஸ்கோ 1982ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. ஓயியா மட்டும் மக்கள் வாழும் நகராக நிலைத்தது; மூன்றுக்கும் உரிய பெயரை அது ஒன்றே இன்று தாங்கி நிற்கின்றது.

லெபனானின் கதை வேறு. தீர், சீதோன், அர்வாத் என்னும் மூன்று பினீசிய நகரங்களிலிருந்து வந்தோர் அங்குக் குடியேறினர். ஒவ்வொரு நகரத்தாரும் தமக்கெனத் தனிக் குடியிருப்பு அமைத்து வாழ்ந்ததாகப் பண்டைய கிரேக்க நூலாசிரியர் குறித்துள்ளனர். அங்கு மூன்று நகரத்தார் கூடி ஓர் ஊரை உருவாக்கினர். வந்தவர்களின் தாயகம் அவ்வூர்ப் பெயரிலேயே எண்ணிக்கையாகப் பதிந்துவிட்டது.

கிரேக்கத் திரிப்போலியின் பெயரோ தெகெயா, மந்தினெயா, பல்லாந்தியோன் என்னும் அண்டைப் பழநகரங்களை நினைவூட்டுவது என்பர்.

அரபு மக்கள் இப்பெயரைத் 'தராபுலுஸ்' என ஒலிக்கின்றனர். குழப்பம் நேராதிருக்க, லிபிய நகரை 'மேற்குத் தராபுலுஸ்' என்றும், லெபனான் நகரை 'ஷாம் தராபுலுஸ்' என்றும் வேறுபடுத்துவர். ஷாம் என்பது சிரியாவும் அதனைச் சூழ்ந்த நிலமும் ஆகும்.

ஊர்ப்பெயரின் சொற்பொருளை அகராதி கூறும். அப்பெயர் வந்த காரணத்தை அவ்வூரின் வரலாறே கூறும்.

பயிற்சி

1. லிபியத் திரிப்போலிக்கும் லெபனான் திரிப்போலிக்கும் பெயர் அமைந்த முறையில் உள்ள வேறுபாடு யாது?
2. நீங்கள் வாழும் ஊர், உங்கள் பெற்றோரின் சொந்த ஊர் ஆகிய இரண்டின் பெயர்க்காரணத்தையும் வீட்டில் கேட்டறிந்து எழுதுக.