சிறைக்கும் சிற்றூருக்கும் சென்ற மருத்துவம்

மருத்துவ உதவி எவருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ, அவருக்கே அது அரிதாகக் கிட்டுகிறது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றில் பணியாற்றிய டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் இதனை ஒரு விதியாகவே வகுத்தெழுதினார். இதே முரண்பாட்டை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பக்தாதில் ஒரு மருத்துவரும் ஓர் அமைச்சரும் எதிர்கொண்ட செய்தியை நாம் அறிவோம். மருத்துவர் சினான் இப்னு தாபித். அமைச்சர் அலீ இப்னு ஈஸா. இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தைச் சினானின் மகன் தாபித் எழுதி வைத்தார். இப்னு அபீ உஸைபிஆ தமது மருத்துவர் வரலாற்று நூலில் அதனைப் பேணித் தந்துள்ளார்.

கலீஃபா முக்ததிரின் ஆட்சியில் பக்தாதுக்கு மருத்துவமனைப் பஞ்சம் இருக்கவில்லை. ஹிஜ்ரி 306இல் (கி.பி. 918) சினான் திறந்துவைத்த ஸய்யிதா மருத்துவமனைக்கு மட்டும் மாதந்தோறும் 600 தீனார் செலவிடப்பட்டது. ஆயினும் சிறையிலிருப்பவன் அதன் வாயிலை எவ்வாறு அடைவான்? நோய்கள் பெருகிய ஓராண்டில் அலீ இப்னு ஈஸா இதனைச் சிந்தித்தார். நெருக்கமும் கடுமையும் நிறைந்த இடத்தில் அடைபட்டோர் நோய்க்குத் தப்ப இயலாது. மருத்துவரைத் தேடிச் செல்லவும் அவர்களுக்கு வழியில்லை. ஆகவே மருத்துவர்கள் மருந்துகளோடும் பானங்களோடும் நாள்தோறும் எல்லாச் சிறைகளுக்கும் செல்லவேண்டும் எனச் சினானுக்கு அவர் எழுதினார்.

அடுத்த கடிதம் ஸவாத் எனப்பட்ட தென் ஈராக்கின் வேளாண் நிலப்பரப்பைப் பற்றியது. அங்கே நோயாளிகள் இருந்தனர், மருத்துவர் இல்லை. மருத்துவக் குழுவொன்று மருந்துக் களஞ்சியத்தோடு சுற்றுப்பயணம் செய்து, ஒவ்வோர் ஊரிலும் தேவைப்படும் காலம் வரை தங்கி, பின்னர் அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு.

குழு ஸூராவை அடைந்தபோது சிக்கல் எழுந்தது. அவ்வூரார் பெரும்பாலும் யூதர்கள். இங்கே தங்குவதா, கடந்து செல்வதா என்று சினான் அமைச்சரைக் கேட்டார். மருத்துவமனையில் முஸ்லிமுக்கும் திம்மிக்கும் சிகிச்சை உண்டு என்பதையும் அவர் நினைவூட்டத் தவறவில்லை. திம்மிகளுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவம் செய்வது முறையே என அமைச்சர் விடையளித்தார். ஆனால் கால்நடைகளுக்கு முன் மனிதர், திம்மிகளுக்கு முன் முஸ்லிம்கள் என வரிசையும் வகுத்தார். பெருமிதத்தோடு இவ்வரலாற்றை எடுத்துரைப்போர் பலர் இவ்வரிசையை விட்டுவிடுகின்றனர். நாம் விடலாகாது. வினவிய சினானோ அப்போது ஹர்ரானிய ஸாபியீ வழியினர், கலீஃபா காஹிரின் காலத்தில்தான் (கி.பி. 932–934) இஸ்லாத்தைத் தழுவினார்.

வரிசை பற்றிய இன்னொரு பூசலும் பதிவாகியுள்ளது. முக்கர்ரிம் பகுதியிலிருந்த பத்ர் மருத்துவமனையின் செலவு, கலீஃபா முதவக்கிலின் தாயார் ஏற்படுத்திய வக்ஃபின் வருவாயிலிருந்து வந்தது. அதில் ஒரு பங்கு பனூ ஹாஷிம் குலத்தாருக்கும் உரியது. வக்ஃபு நிர்வாகி குலத்தாரின் பங்கை உடனுக்குடன் கொடுத்துவிட்டு, மருத்துவமனையின் பங்கைத் தாமதித்தும் குறைத்தும் வந்தார். (வக்ஃபு நிர்வாகத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.) கரியும் போர்வையும் போதாமல் நோயாளிகள் வாடுவதைச் சினான் முறையிட்டார். நிர்வாகிக்கு அலீ இப்னு ஈஸா எழுதிய கண்டனக் கடிதம் கடுமையானது. மருத்துவமனையை நாடி வருவோர் வலுவற்றவர்கள், எனவே அதன் பங்கே முந்தவேண்டும் என்றார். குளிர் முற்றிய அப்பருவத்தில் நோயாளிகளும் மனநலம் குன்றியோரும் கதகதப்பாயிருக்கப் போர்வை, உடை, கரி ஆகியவற்றை உடனே வழங்குமாறு ஆணையிட்டார்.