கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு?

டடக்... டடக்... டடக்...

சங்கரன்கோவிலுக்குப் போனவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். ஒரு பக்கம் கோமதி அம்மன் சன்னதி மணி ஓசை. இன்னொரு பக்கம் விசைத்தறி ஓசை. தெருவில் நடந்து போகும்போதே சுவரைத் தாண்டி வந்து காதில் விழும்.

தெருவில் போகிறவருக்கு அது 2 நிமிடச் சத்தம். தறிக்கூடத்துக்குள் நிற்கிறவருக்கு? ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 10 மணி நேரம். அப்படியே 20 ஆண்டு, 30 ஆண்டு.

அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். மகள் ஓடி வருகிறாள்.

"அப்பா, பள்ளிக்கூடத்துக்குச் சட்டை வாங்கணும்."

"கட்டையா? பள்ளிக்கூடத்துக்கு எதுக்கும்மா கட்டை?"

வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர் காதில் உண்மையிலேயே அப்படித்தான் விழுந்தது!

தறிக்காரர் வீடு எதிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இதைத் தடுக்க முடியுமா? முடியும். அதற்கு வேண்டிய பொருள் சுண்டுவிரல் நுனி அளவுதான். அதன் பெயர் காது அடைப்பான். மருந்துக் கடையில் "இயர் பிளக்" என்று கேட்டால் கொடுப்பார்கள்.

எவ்வளவு சத்தம்?

சங்கரன்கோவில் நெசவுக்குப் பேர் போன ஊர். 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே விசைத்தறிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

விசைத்தறியில் ஏன் அவ்வளவு சத்தம்? நாடா இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். அதை ஒரு கட்டை ஓங்கி அடித்துத் தள்ளுகிறது. பறந்து போன நாடா, மறுமுனைப் பெட்டியில் மோதி நிற்கிறது. உடனே அங்கே இருந்து திரும்ப ஓர் அடி. நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் இப்படி நடக்கிறது. ஒரு தறிக்கே இந்தக் கதி. ஒரே கூரைக்குக் கீழே பல தறிகள் ஓடினால்?

சத்தத்தை அளக்கும் கணக்குக்கு "டெசிபல்" என்று பெயர். இருவர் பக்கத்தில் நின்று பேசினால் சுமார் 60 டெசிபல். நாடாத் தறி ஓடும் கூடங்களில் 90-க்கு மேல் இருக்கிறது. சில இடங்களில் 100-ஐத் தொடுகிறது.

"60-க்கும் 100-க்கும் 40தானே வித்தியாசம்?" என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கு வேறு. 10 டெசிபல் ஏறினால் சத்தத்தின் சக்தி 10 மடங்கு ஆகும். 20 ஏறினால் 100 மடங்கு. 40 ஏறினால் 10 ஆயிரம் மடங்கு!

எவ்வளவு நேரம் தாங்கும்?

அமெரிக்க நாட்டுத் தொழில் நல ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற, நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 100 என்றால் கால் மணி நேரம்தான்.

கால் மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தில், தறிக்காரர் நாள் முழுவதும் நிற்கிறார்.

அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு சுலபமான வழி உண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அவரிடம் கத்தித்தான் பேச வேண்டி இருக்கிறதா? அப்படியானால் அந்த இடம் காதுக்கு ஆபத்தான இடம்.

முளைக்காத பயிர்

காதின் உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலையில் மயிர் போன்ற இழைகள் உண்டு. சத்தம் வந்தால் இழைகள் அசையும். அந்த அசைவு நரம்பு வழியாக மூளைக்குப் போகும். அதைத்தான் "கேட்கிறது" என்கிறோம்.

வயலில் இளம் நாற்று நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஒரு தடவை மிதித்துப் போனால், பயிர் சாய்ந்து மறுபடி நிமிரும். தினமும் பத்துப் பேர் அதே இடத்தில் மிதித்தால்? பயிர் செத்துப்போகும். பிறகு பாதைதான் மிஞ்சும். காதிலும் இதுவே நடக்கிறது.

வயலில் மறுபடி நடலாம். காதில் நட முடியாது. கோழி, காடை போன்ற பறவைகளுக்கு இந்த உயிரணுக்கள் செத்தால் மறுபடியும் முளைக்கின்றன. 1988-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதைக் கண்டார்கள். மனிதனுக்கு முளைப்பது இல்லை. கோழிக்குக் கிடைத்த வரம் நமக்குக் கிடைக்கவில்லை!

முதலில் போவது எது?

சத்தத்தால் வரும் செவிடு ஒரே நாளில் வராது. வலிக்காது. சீழ் வடியாது. திருடன் போலப் பதுங்கி வரும்.

முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். சில்வண்டின் ஒலி கேட்காது. பிறகு பேச்சில் "ச", "த" போன்ற மெல்லிய எழுத்துகள் நழுவும். பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. சட்டை, கட்டை ஆனது இதனால்தான். பெண்கள், குழந்தைகள் குரல்தான் அதிகம் சிரமம் கொடுக்கும்.

அதற்கு முன்பே காது நமக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. வேலை முடிந்ததும் காது அடைத்தது போல் இருக்கும். இரவில் படுத்தால் "கொய்ங்" என்று இரையும். மறுநாள் காலையில் சரியாகிவிடும். "சரியாகிவிட்டதே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாய்ந்த பயிர் நிமிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எத்தனை நாள் நிமிரும்?

பழைய கதை

இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல.

இத்தாலி நாட்டு டாக்டர் ரமஸ்ஸினி, 1713-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். நாள் முழுவதும் செம்பைத் தட்டும் கன்னார்கள் செவிடாகிறார்கள் என்றார். 1886-ல் கிளாஸ்கோ நகரில் டாக்டர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது முழுமையாகக் கேட்கவில்லை!

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் நெசவு ஆலைப் பெண்கள் ஒரு தனி மொழியே வைத்திருந்தார்கள். தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. ஆகவே உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசினார்கள். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். நம் தறிக்கூடங்களில் கைச்சாடை காட்டுகிறார்களே, அது போலத்தான்.

1965-ல் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரச் சணல் நெசவாளர்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கீச்சொலி கேட்கும் திறன், வேலைக்குச் சேர்ந்த முதல் 10, 15 ஆண்டுகளிலேயே வேகமாகப் போகிறது என்று அது காட்டியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. "எனக்கு 20 வயதுதானே, வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லாதீர்கள். தறிக்குப் புதிதாக வந்த இளைஞன்தான் முதலில் காதைக் காக்க வேண்டும்.

மெழுகில் பிறந்தது

1907-ல் ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்துக் கடைக்காரர் மெழுகையும் பஞ்சையும் சேர்த்துக் காது அடைப்பான் செய்தார். முதல் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்தைத் தாங்கச் சிப்பாய்கள் அதை வைத்துக்கொண்டார்கள். இப்போது கடையில் கிடைக்கும் மெத்தென்ற நுரை அடைப்பான், 1967-ல் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் என்பவர் கண்டது. நசுக்கினால் சுருங்கும். விட்டால் மெல்ல விரியும்.

"நான்தான் பஞ்சு வைத்துக்கொள்கிறேனே" என்று சிலர் சொல்வார்கள். வெறும் பஞ்சு தறிச் சத்தத்தைத் தடுக்காது. பஞ்சின் இடுக்கு வழியாகச் சத்தம் தாராளமாக உள்ளே போகும். காதை அடைத்துவிட்டோம் என்ற எண்ணம்தான் மிச்சம்.

எப்படி வைப்பது?

காதின் வாயில் சும்மா ஒட்ட வைத்தால் பயன் இல்லை. முறை இதுதான்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடைப்பானை விரல்களால் உருட்டி, திரி போல மெல்லியதாக்குங்கள். வலது காதுக்கு என்றால், இடது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய், காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். காதுத் துளை நேராகும். அடைப்பானை மெதுவாக உள்ளே விடுங்கள். விரலால் அரை நிமிடம் பிடித்திருங்கள். அது விரிந்து இடத்தை நிரப்பும்.

சரியாக வைத்தால் உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள் பேசுவது போல் கேட்கும். முனை கொஞ்சம் வெளியே இருக்கட்டும். எடுக்கும்போது சட்டென்று பிடுங்காமல், திருகி மெதுவாக எடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். கூடத்துக்குள் இருக்கும் வரை அதைக் கழற்றக் கூடாது. 8 மணி வேலையில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால், 16-ல் ஒரு பங்குச் சத்தம் அப்படியே காதுக்குள் போகிறது. 30 டெசிபல் தடுக்க வேண்டிய அடைப்பான், 12 அளவுக்குத்தான் தடுத்தது என்று ஆகிவிடும். பானையில் ஓட்டை சின்னதுதான். ஆனால் தண்ணீர் நிற்காதே!

"தறி ஓசை கேட்காவிட்டால் வேலை எப்படி நடக்கும்?" என்று கேட்கலாம். அடைப்பான் சத்தத்தை அடியோடு நிறுத்தாது, குறைக்கும். தறியின் தாளம் மாறினால் அப்போதும் தெரியும். பழக ஒரு வாரம், 10 நாள் ஆகும்.

காது வலித்தால்?

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். காது அடைப்பான் சத்தத்துக்குக் காவல். வலிக்கு அது மருந்து அல்ல.

காது வலிக்கிறதா? சீழ் வடிகிறதா? அந்தக் காதில் அடைப்பானை வைக்காதீர்கள். உள்ளே புண் இருந்தால் ஈரம் தங்கி அதிகமாகும். டாக்டரைப் பாருங்கள். குணமாகும் வரை சத்தமான இடத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. போயே ஆக வேண்டும் என்றால், காதுக்கு வெளியே கிண்ணம் போல மூடும் கவசம் உண்டு. அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

காது வலிக்குக் காரணம் பல. அழுக்கு இறுகி இருக்கலாம். பூஞ்சை பிடித்திருக்கலாம். சளியால் செவிப்பறைக்கு உள்ளே சீழ் கட்டி இருக்கலாம். சொத்தைப் பல்லின் வலிகூடக் காதில் தெரியும். ஆகவே எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். பூண்டுச் சாறு பிழியாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றியது எல்லாம் உள்ளே போய்விடும். ஊக்கு, தீக்குச்சி, சாவி எதையும் காதில் விட்டுக் குடையாதீர்கள்.

அழுக்கான அடைப்பானும் வலியைக் கொண்டுவரும். நுரை அடைப்பான் அழுக்கானால் தூக்கிப் போடுங்கள். கழுவிப் பயன்படுத்தும் ரப்பர் வகையைத் தினமும் கழுவி, ஈரம் போக உலர்த்துங்கள். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது. அண்ணன், தம்பி ஆனாலும் சரி!

முதலாளிக்கு ஒரு வார்த்தை

தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். அப்போது, சத்தத்தால் காது கேளாமல் போவதை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் நாலைந்து பேர் வேலை செய்யும் சின்னக் கூடத்தை அந்தச் சட்டம் எட்டியது இல்லை. அங்கே முதலாளியின் மனம்தான் சட்டம்.

காது அடைப்பான் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவு அல்ல. தேய்ந்த பாகங்களை மாற்றி, எண்ணெய் போட்டு, ஆட்டம் கண்ட தறியை இறுக்கி வைத்தாலே சத்தம் கொஞ்சம் குறையும். தறிக்கு எண்ணெய் போட மறக்காத முதலாளி, தறிக்காரரின் காதையும் மறக்கக் கூடாது.

தொழிலாளர்களும் ஆண்டுக்கு ஒரு தடவை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. சோதனையில் வலி இல்லை. ஒலி கேட்டதும் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

தறி ஓட்டாதவர்களுக்கும் இது பொருந்தும். ஆடித்தபசுக்குக் கூட்டத்தோடு போகும்போது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். நாலு அடி தள்ளி நிற்பதற்குக் காசு வேண்டாம்.

கண்ணுக்குக் கடவுள் இமை வைத்தார். தூசி பறந்தால் தானே மூடிக்கொள்கிறது. காதுக்கு இமை இல்லை. தூங்கும்போதும் அது திறந்தே கிடக்கிறது. அதற்கு இமை போட வேண்டியவர்கள் நாம்தான்.

இன்று வேலைக்குப் போகும்போது சோற்றுத் தூக்கோடு அந்தச் சின்ன அடைப்பானையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகள் "சட்டை" என்று கேட்டால் "சட்டை" என்றே காதில் விழட்டும்!